ஜியோகேச்சிங்: நெல்லைச்சீமையில புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு கேள்வி பதில்

நம்ம பக்கத்து ஆளுங்க ஜியோகேச்சிங் பத்தி திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள ஒரே இடத்துல போட்டிருக்கேன். தென்காசி தனி மாவட்டமாயிட்டாலும் நான் பழைய நெல்லைச்சீமைய மனசுல வச்சுத்தான் எழுதுதேன், அதனால தேரிக்காட்டுல இருந்து குத்தாலம் வரைக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும்.

அது என்ன விளையாட்டு? சுருக்கமா சொல்லுங்க.

ஒருத்தர் ஒரு டப்பாவுக்குள்ள சின்ன நோட்டு போட்டு ஒரு இடத்துல மறைச்சு வச்சுட்டு, அந்த இடத்தோட ஜிபிஎஸ் நம்பர (அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை) நெட்ல போடுவாங்க. மத்தவங்க அந்த நம்பர வச்சு போயி தேடி, நோட்டுல பேரு தேதி எழுதி, டப்பாவ எடுத்த அதே இடத்துல அதே மாதிரி திரும்ப வச்சுட்டு, நெட்லயும் கண்டுபிடிச்சேன்னு பதிவு பண்ணுவாங்க. அந்த டப்பாவுக்கு பேருதான் கேச். பரிசு பணம் எதுவும் கிடையாது.

யாரு கண்டுபிடிச்சது இத?

இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தோடது, 2000 வரைக்கும் பொதுமக்களுக்கு வர்ற சிக்னல அவங்க வேணும்னே கலைச்சு விட்டுட்டு இருந்தாங்க, அதனால சுமார் 100 மீட்டர் வரைக்கும் தப்பா காட்டும், ரத வீதியில நிக்கிற ஆள அடுத்த தெருவுல நிக்கிறதா காட்டுற அளவுக்கு. 2000 மே 1ஆம் தேதி அப்போ ஜனாதிபதியா இருந்த பில் கிளிண்டன் அந்தக் கலைப்ப நிறுத்தச் சொன்னாரு, அன்னைக்கு ராத்திரியே உலகம் பூரா இருக்குற ஜிபிஎஸ் கருவி எல்லாம் ஒரேடியா துல்லியமாயிருச்சு. ரெண்டே நாள்ல, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர்ங்கிறவரு இந்த துல்லியத்த சோதிச்சுப் பாக்கணும்னு ஓரிகன் மாநிலத்துல பீவர்கிரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளிய மறைச்சு வச்சு நம்பர நெட்ல போட்டாரு. உள்ள நோட்டு, பென்சில், புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்துச்சு. மைக் டீக்ங்கிறவரு சில நாள்லயே போயி எடுத்துட்டாரு. அதே வருசம் செப்டம்பர்ல ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்த ஆரம்பிச்சாரு, அப்போ உலகத்துக்கே மொத்தம் 75 கேச்தான், இன்னைக்கு 30 லட்சத்துக்கு மேல.

ஆரம்பிக்க என்னென்ன வாங்கணும்?

ஒண்ணும் வாங்க வேண்டாம். கையில இருக்குற போன் போதும். ஜியோகேச்சிங் ஆப் இலவசம், காசு கட்டாத கணக்குக்கு எல்லா கேச்சையும் அது காட்டாது, ஆனா ஆரம்பத்துக்கு அதுவே தாராளம். ஆண்ட்ராய்டு வச்சிருக்கிறவங்க சி ஜியோன்னு இன்னொரு இலவச ஆப்பும் பாருங்க. மலையடிவாரத்துக்குப் போனா டவர் கிடைக்காது, அதனால வீட்ல இருந்தே மேப்ப டவுன்லோட் பண்ணிக்கிடுங்க, ஜிபிஎஸ்க்கு நெட் தேவையில்ல, மேப்புக்குத்தான் நெட் வேணும். பொறவு ஒரு பேனா, தண்ணி பாட்டில், தொப்பி, ஒரு கம்பு. கம்ப மறக்காதீங்க, ஏன்னு கீழ சொல்லுதேன்.

ஒரு எச்சரிக்கை, வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க கிட்ட சேட்டிலைட் மூலமா மெசேஜ் அனுப்புற கருவி, சேட்டிலைட் போன் மாதிரி எதையும் கொண்டுவரச் சொல்லாதீங்க. நம்ம நாட்டுல அனுமதியில்லாம அத வச்சிருந்தாலே கேஸு. ஏர்போர்ட்லயே பிடிச்சிருக்காங்க.

அந்த நம்பர எப்படி படிக்கிறது? கூகுள் மேப்ல போட்டா எங்கயோ காட்டுது.

நிறைய பேரு இங்கனதான் தடுமாறுதாங்க. கூகுள் மேப் 8.7278-ன்னு முழுசா டிகிரியில காட்டும், ஆனா கேச் பக்கத்துல வடக்கு 8 டிகிரி 43.668 மினிட்டுன்னு இருக்கும். ரெண்டும் ஒரே இடந்தான். புள்ளிக்கு அப்புறம் வர்ற 0.7278-ஐ 60-ஆல பெருக்குனா 43.668 வரும், அவ்வளவுதான் கணக்கு. இத கவனிக்காம 8.43668-ன்னு போட்டீங்கன்னா 32 கிலோமீட்டர் தெக்க தள்ளிப் போயிரும், நெல்லையில தேட வேண்டியத நாங்குநேரி தாண்டி தேடிட்டு இருப்பீங்க. மினிட்ல கடைசி இலக்கம் ஒண்ணு மாறுனா தரையில கிட்டத்தட்ட 1.85 மீட்டர் மாறும்னு ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.

போன் "வந்தாச்சு"ன்னு சொல்லுது, டப்பாவத்தான் காணோம்.

அங்கனதான் விளையாட்டே ஆரம்பிக்கு. போன் ஜிபிஎஸ் நல்ல வெட்டவெளியில 5 மீட்டர் வரைக்கும் தப்பும், பெரிய ஆலமரத்துக்கு அடியிலயோ டவுன்ல ரெண்டு பக்கமும் மாடி இருக்குற குறுகுன சந்துலயோ இன்னும் அதிகமா தப்பும், ஏன்னா சிக்னல் செவுத்துல பட்டுத் திரும்பி சுத்தி வருது. வச்சவரோட போனும் அதே அளவு தப்பியிருக்கும். அதனால கிட்ட வந்ததும் போன பாக்கெட்ல போட்டுட்டு கண்ண பயன்படுத்துங்க. இங்க ஒளிச்சு வைக்கணும்னா நான் எங்க வைப்பேன்னு யோசிங்க. எது அந்த இடத்துக்கு ஒட்டாம இருக்கு? ஓலை எல்லாம் தானா விழுந்தது மாதிரி கெடக்கும்போது ஒரு மட்டை மட்டும் ஏன் குறுக்க கெடக்கு? அஞ்சு கல்லு ஏன் அடுக்கி வச்சது மாதிரி இருக்கு?

போறதுக்கு முன்னாடியே கேச் பக்கத்துல ரெண்டு மார்க் பாருங்க. தேடுறது எவ்வளவு கஷ்டம், அங்க போய்ச் சேர்றது எவ்வளவு கஷ்டம்னு 1-ல இருந்து 5 வரைக்கும் தனித்தனியா போட்டிருப்பாங்க. டப்பா சைசும் போட்டிருக்கும். நானோன்னு போட்டிருந்தா சட்டை பட்டன் அளவுதான், டிபன் பாக்ஸ தேடுற மாதிரி தேடுனா கிடைக்கவே கிடைக்காது. அப்படியும் கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு மறக்காம பதிவு போடுங்க. நாலு பேரு அப்படிப் போட்டாத்தான் டப்பா காணாம போயிருக்கோன்னு வச்சவருக்கு சந்தேகமே வரும், வெக்கப்பட்டு போடாம விட்டீங்கன்னா அடுத்து வாரவங்க அலைவாங்க.

உள்ள இருக்குற சாமான எடுத்துக்கலாமா?

எடுக்கலாம், ஆனா அதே மதிப்புக்கோ அதுக்கு மேலயோ ஒண்ண உள்ள வைக்கணும். பிள்ளைங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், கோலிக்குண்டு, கீ செயின், பழைய நாணயம், பம்பரம்னு எதையாவது கொண்டுபோயி மாத்திட்டு வரலாம். தின்பண்டம் மட்டும் வேண்டவே வேண்டாம், அல்வாவா இருந்தாலும் சரி, எறும்பும் நாயும் மோப்பம் பிடிச்சு வந்து டப்பாவையே கடிச்சுப் போட்டுரும். தீப்பெட்டி, கத்தி, மருந்து மாத்திரையும் கூடாது.

ஒரு பொருள்ல நம்பர் போட்ட உலோகத் தகடு தொங்குச்சுன்னா அது டிராவல் பக். அது நமக்குச் சொந்தமில்ல, எடுத்துட்டுப் போயி வேற கேச்ல வச்சு அதோட பயணத்த நெட்ல பதியணும். இதே மாதிரி ஒரு கண்காணிப்பு நம்பர் செவ்வாய் கிரகத்துலயே இருக்கு, 2021-ல அங்க இறங்குன நாசாவோட பெர்சிவரன்ஸ் வண்டியில ஒரு கருவியோட சோதனைத் தகட்டுல அத பொறிச்சு அனுப்பியிருக்காங்க. பிள்ளைங்க கிட்ட இதச் சொல்லிப் பாருங்க, அடுத்த ஞாயித்துக்கிழம அவங்களே கெளப்பிருவாங்க.

மேப்ப திறந்தா நம்ம பக்கம் ரொம்ப கம்மியா இருக்கே, எதத்தான் தேட?

உண்மைதான். ஜெர்மனியில மட்டுமே லட்சக்கணக்குல இருக்கு, வீட்டு வாசல்ல இருந்து நடந்தே பத்து எடுக்கலாம், நமக்கு அந்த வசதி இல்ல. ஆனா நான் இத ஒரு குறையா பாக்கல. தேடுறத விட வைக்கிறதுதான் இந்த விளையாட்டுல பெரிய வேலை, நம்ம ஊர்ல அந்த வேலை முழுக்க நமக்காகக் காத்துக்கிடக்கு. முதல்ல இருக்குறத நாலஞ்சு தேடி எடுத்து எப்படி வைக்காங்கன்னு கத்துக்கிடுங்க, திருவனந்தபுரம், மதுரை, பெங்களூரு போற வேலை இருந்தா அங்கயும் தேடுங்க. பொறவு நீங்க வைங்க. வைக்கும்போது இடத்த முதல்ல முடிவு பண்ணுங்க, டப்பாவ பொறவு. ஒருத்தர நம்ம ஊருக்கு கூட்டிட்டு வந்தா எந்த இடத்துல கொண்டுபோயி நிறுத்துவீங்க? நெல்லையப்பர் கோயில் எல்லாருக்கும் தெரியும். உங்க ஊரு குளத்துக் கரையில சாயங்காலம் அஞ்சரைக்கு காத்து வர்ற அந்த மடைப் பக்கம் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

சரி, எங்க வைக்கலாம், எங்க வைக்கக் கூடாது?

பொது விதி நாலு இருக்கு. இடத்துக்காரர் கிட்ட அனுமதி வாங்கணும், குழி தோண்டிப் புதைக்கக் கூடாது, இன்னொரு கேச்சுக்கும் இதுக்கும் நடுவுல குறைஞ்சது 161 மீட்டர் இடைவெளி வேணும், டப்பாவ நீங்களே அப்பப்போ போயி பாக்குற தூரத்துல இருக்கணும். நீங்க போட்டதும் தன்னார்வமா வேலை செய்ற ரிவ்யூவர் ஒருத்தர் பாத்துட்டுத்தான் வெளியிடுவாரு.

நம்ம மாவட்டத்துக்குன்னு இன்னும் நிறைய இருக்கு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-லயே வந்தது, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம், அதுக்குள்ள டப்பாவும் வேண்டாம், டப்பாவத் தேடுறேன்னு பாதைய விட்டு எறங்குறதும் வேண்டாம். மாஞ்சோலை, மணிமுத்தாறு அருவி, பாபநாசம் மேல எல்லாம் செக்போஸ்ட் தாண்டுனா வனத்துறை விதிதான். கூந்தங்குளத்துல பறவைங்க ஊருக்குள்ள மரத்துலயே கூடு கட்டுது, அந்த ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, அப்படிப்பட்ட இடத்துல நாம போயி மரத்தடியில கிளறிட்டு இருக்கக் கூடாது. ஆதிச்சநல்லூர் மாதிரி தொல்லியல் மேடு எதுலயும் ஒரு கல்லக்கூட நகட்டக் கூடாது. கோயில், சர்ச், பள்ளிவாசல் வளாகத்துக்குள்ள வேண்டாம், சுடலைமாடன் பீடம் தனியா காட்டுக்குள்ள நிக்குன்னு நெனைக்காதீங்க, அது ஒரு குடும்பத்தோட குலசாமி, அதச் சுத்தி தேட விட்டா யாருக்கா இருந்தாலும் மனசு வலிக்கும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில இஸ்ரோ மையம், விஜயநாராயணம் பக்கம் கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன், இந்த மூணு இடத்து வேலிப் பக்கமே போகக் கூடாது. ரயில்வே பாலம், நாலு வழிச்சாலை ஓரம், கரண்டு பெட்டி இதெல்லாமும் கிடையாது.

அப்போ மிச்சம் என்ன இருக்குன்னு கேப்பீங்க. நிறைய இருக்கு! உங்க மாமா தோட்டத்துல ரோட்டப் பாத்த பனை இருக்கும், மாமா கிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. தெரிஞ்ச அண்ணாச்சியோட டீக்கடை, பஞ்சாயத்துல கேட்டுட்டு குளத்துக் கரை. கடைக்காரர் சம்மதத்தோட வச்சா இன்னொரு நன்மை, அவரே காவல் பாத்துக்கிடுவாரு.

இன்னொரு நல்ல வழி மல்டி கேச். பெரிய இடத்துல டப்பா வைக்காம கேள்வி மட்டும் வைக்கிறது. உதாரணத்துக்கு சுலோச்சன முதலியார் பாலம், 1843-ல அவரு தன் சொந்தக் காசப் போட்டு நெல்லையையும் பாளையையும் இணைச்சுக் கட்டுனது. ஆத்துப் படித்துறையில நின்னு வளைவ எண்ணச் சொல்லுங்க, 11 வரும், அதையும் 1843-ஐயும் வச்சு ஒரு சின்னக் கணக்கு போட்டா கடைசி டப்பாவோட நம்பர் கிடைக்கிற மாதிரி அமைங்க, டப்பா பாளையங்கோட்டையில உங்க நண்பர் வீட்டு காம்பவுண்டுல இருக்கட்டும். வாரவங்க பாலத்த ஒரு தடவையாவது நின்னு பாப்பாங்க, தினமும் பஸ்ல கடந்து போறவங்ககூட பாக்காத பாலம் அது.

டப்பாவே இல்லாத கேச் இருக்காமே?

ஆமா, எர்த்கேச். பூமியோட அமைப்ப பாத்து பதில் சொல்ற மாதிரி கேள்வி இருக்கும், பதில கேச் போட்டவருக்கு அனுப்பணும். நம்ம பக்கத்துக்கு இது அவ்வளவு பொருத்தம்! திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுல நின்னு பாருங்க, கடல் அவ்வளவு கிட்ட இருக்கு, மண்ணு மட்டும் செக்கச்செவேல்னு இருக்கு. ஒவ்வொரு மணல் மணியையும் இரும்பு ஆக்சைடு படிஞ்சு மூடியிருக்கு, அதான் அந்த நெறம், காத்து அத அள்ளிக் குவிச்சு மேடு மேடா ஆக்கியிருக்கு. கையில அள்ளி மணியோட அளவ பாக்கச் சொல்லலாம், எந்தப் பக்கம் சரிவு அதிகம்னு பாத்து காத்து எங்க இருந்து அடிச்சிருக்கும்னு யோசிக்கச் சொல்லலாம். குப்பை விழாது, எதையும் மறைக்க வேண்டாம், பராமரிக்கவும் வேண்டாம். யாராவது தேரிய வச்சு நல்லா எழுதுங்கன்னு எல்லார் கிட்டயும் கேட்டுட்டு இருக்கேன்.

என்ன டப்பா நல்லது?

நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுற, ரப்பர் வளையம் இருக்குற பிளாஸ்டிக் டப்பா, கண்ணாடி மாதிரி உள்ள தெரியுறது. நம்ம வெயில்ல சாதா பிளாஸ்டிக் சீக்கிரமே நொறுங்கிரும், அதனால நிழல் இருக்குற இடமா பாருங்க. நோட்ட ஜிப் கவர்ல போட்டு, செருப்பு டப்பாவுல வர்ற, ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா பாக்கெட் ஒண்ணு உள்ள போடுங்க. எழுத பென்சில் வைங்க, பேனா வெயில்ல கசிஞ்சோ காஞ்சோ போயிரும். டப்பா மேல தமிழ்லயே பெருசா எழுதணும்: "இது ஜியோகேச்சிங் விளையாட்டு டப்பா, ஆபத்து எதுவும் இல்லை, எடுத்த இடத்திலேயே வைக்கவும்." பைப்புத் துண்டு, டேப் சுத்துன கறுப்பு டப்பா, ராணுவப் பெட்டி மாதிரி இருக்குறது எதுவும் வேண்டாம். இங்கிலாந்துல வெதர்பின்னு ஒரு ஊர்ல 2011-ல இப்படி ஒரு சின்ன டப்பாவ குண்டுன்னு நெனச்சு தெருவையே மூடி நிபுணர வரவச்சு வெடிக்க வச்சாங்க.

தேடிட்டு இருக்கும்போது ஊர்க்காரங்க வந்து கேட்டா என்ன சொல்ல?

கண்டிப்பா கேப்பாங்க. "ஏ தம்பி, அங்கன என்னத்தப் போட்டு தேடுத? எந்த ஊரு, யாரு மவன்?" வெளிநாட்டுல யாருக்கும் தெரியாம நைசா எடுக்குறதையே ஒரு திறமையா வச்சிருக்காங்க, நம்ம ஊருக்கு அது சரிப்படாது. பழைய மண்டபத்துப் பக்கம் ரெண்டு பேரு குனிஞ்சு தேடுனா சிலை திருட வந்தவங்களா, புதையல் எடுக்க வந்தவங்களான்னுதான் முதல்ல தோணும், ஆத்தங்கரைன்னா மணல் அள்ள வந்தவங்களோன்னு நெனப்பாங்க. அவங்க அப்படி நெனைக்கிறதுல தப்பே இல்ல, ஊர அவங்கதான காக்கணும். அதனால உண்மைய சொல்லிருங்க. "அண்ணாச்சி, இது ஒரு விளையாட்டு, இங்கன ஒரு டப்பா வச்சிருக்காங்க, கண்டுபிடிச்சு பேரு எழுதணும்"னு போன்ல மேப்ப காட்டுங்க. பாதிப் பேரு கூடவே தேட ஆரம்பிச்சிருவாங்க, அந்த இடத்தப் பத்தி எந்த மேப்லயும் இல்லாத கதையும் சொல்லுவாங்க. போலீஸ் கேட்டாலும் அதே பதில், மழுப்பாம, மரியாதையா. ராத்திரி டார்ச் அடிச்சுத் தேடுறத விட்டுருங்க.

பாம்பு பயம் இருக்கே?

இருக்கணும். பொந்து, கல்லிடுக்கு, பனை ஓலைக் குவியல் எதுலயும் கைய நேரா விடாதீங்க, கம்பால தட்டி, கிளறி, பாத்துட்டுத்தான் கை. கண்ணாடி விரியனும் சுருட்டையும் நம்ம பக்கத்துல நிறைய, தேளும் உண்டு. மூடுன ஷூ போடுங்க, உடை முள்ளு சாதா செருப்பத் தொளைச்சிரும். அப்படியே கடிச்சுட்டா கட்டு இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கடிபட்ட கைகால ஆட்டாம 108-ஐக் கூப்பிட்டு நேரா ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போயிருங்க, விஷமுறிவு மருந்து அங்க இருக்கும். சுத்துச்சுவர் இல்லாத பழைய கிணறு புல்லுக்குள்ள மறைஞ்சு கெடக்கும், போனப் பாத்துக்கிட்டே நடக்காதீங்க.

எந்த மாசம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி அருமை, குளம் நெறஞ்சு கெடக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாசம் காலையில ஒன்பது மணிக்குள்ள முடிச்சிருங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஆத்துப் பக்கம் கவனம், பாபநாசத்துலயோ மணிமுத்தாறுலயோ தண்ணி திறந்தா தாமிரபரணி இங்க மழையே இல்லாம ஏறிரும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல ஜங்ஷனே மூழ்குனத பாத்தோம், அதனால ஆத்தோரம் வைக்கிற டப்பாவ வெள்ளத்தடம் எதுவரைன்னு பெரியவங்க கிட்ட கேட்டு அதுக்கு மேல வைங்க.

பொண்ணுங்க போலாமா?

தாராளமா. ஆம்பளையோ பொம்பளையோ, முதல் தடவை ஒரு ஊருக்கு போறப்ப ரெண்டு மூணு பேரா பகல்ல போங்க, எங்க போறோம்னு வீட்ல சொல்லி லொகேஷன ஷேர் பண்ணிட்டு போங்க.

குப்பை பொறுக்குறதும் இதுல சேர்த்தியா?

சேர்த்திதான். போற வழியில குப்பைய எடுத்துட்டு வர்றது இந்த ஆளுங்களோட பழைய வழக்கம், 2002-ல இருந்து அதுக்குன்னே கூடி வேலை செய்ற நிகழ்ச்சியும் நடக்கு. பாபநாசம் படித்துறையில பரிகாரம்னு ஆத்துல விட்ட துணி எவ்வளவு கெடக்குன்னு எல்லாருக்கும் தெரியும். உள்ளாட்சி அனுமதியோட நாலு பேரு அங்க ஒரு காலை கூடுனா அதையே முறையான ஜியோகேச்சிங் நிகழ்ச்சியா பதியலாம்.

நான் சென்னையில வேலை பாக்கேன், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒண்ணு வைக்கலாமா?

வச்சுட்டு போயிட்டா யாரு பாப்பா? இந்தக் காரணத்துக்காகவே ரிவ்யூவர் மறுத்துருவாரு. ஊர்ல இருக்குற தம்பி, சித்தப்பா, கூடப் படிச்சவங்க யாராவது பராமரிக்கச் சம்மதிச்சா அவங்கள குறிப்பிட்டு அனுப்புங்க. துபாய்ல இருக்குறவங்களுக்கும் இதே பதில்தான். யாரும் இல்லைன்னா எர்த்கேச் பண்ணுங்க, அதுல நனையுறதுக்கு நோட்டே இல்ல. ஆனா பதில் அனுப்புறவங்களுக்கு நீங்க ஒழுங்கா மறுபதில் போடணும்.

வச்ச டப்பா காணாம போயிட்டா?

போகும். ஆடு மேய்க்கிற பையன் எடுத்துருவான், ஜேசிபி வந்து கரையோட சேத்து அள்ளிட்டு போயிரும். முதல்ல கேச் பக்கத்துல தற்காலிகமா நிறுத்தியிருக்குன்னு போடுங்க, அப்போத்தான் திருச்செந்தூர் போற வழியில இறங்கித் தேடுறவங்க ஏமாற மாட்டாங்க. பொறவு போயி பாத்து, அந்த இடம் இன்னும் சரியா இருக்குன்னா புது டப்பா வைங்க, அதே இடத்துல ரெண்டு மூணு தடவ போச்சுன்னா அந்த இடம் ஒத்துவரலைன்னு அர்த்தம், அத மூடிட்டு வேற இடம் பாருங்க. மூடுறப்ப மிச்சம் மீதி கெடக்குற மூடி, கம்பி, கவர் எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வந்துருங்க.